எந்த வலிக்கு எந்தக் கை: ஆண்களும் மசாஜும்

கெங்கவல்லிப் பக்கத்து ஆண்களுக்கு உடம்பில் எந்த இடம் வலிக்கும் என்பதை அவர்கள் பார்க்கும் வேலையை வைத்தே பாதி சொல்லிவிடலாம். குச்சிக்கிழங்குக் காட்டில் நாள் முழுக்கச் செடி பிடுங்குகிறவருக்கு இடுப்பு. சேகோ பேக்டரியில் மூட்டை தூக்குகிறவருக்குத் தோளும் முழங்காலும். தம்மம்பட்டியில் சம்மணம் போட்டுக் குனிந்து மரத்தில் சாமி சிலை செதுக்குகிறவருக்குப் பிடரி. நாமக்கல் லாரியிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் மாதக்கணக்கில் வடக்கே போய்விட்டு வருகிறவருக்கு இடுப்பு, பிட்டம், கெண்டைக்கால் எல்லாமே.

இந்த உடம்புகளுக்கு மசாஜ் தேவையா என்றால், தேவைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உழைத்து இறுகிப்போன தசையை நன்றாக நீவிவிட்டால் இளகும். அதை நம் ஆண்கள் வெட்கத்தாலோ வீம்பாலோ யாரிடமும் காட்டுவதில்லை. எலும்பு முறிவு, இதய வலி, காலில் ரத்தக்கட்டு, குடலிறக்கம் என்று யாரும் கை வைக்கவே கூடாத வலியை மட்டும் முதல் வேலையாக நீவக் கொண்டுபோகிறார்கள். மசாஜ் தசைக்கு உரியது. தசை வலியை அதனிடம் கொண்டுபோகாதது நஷ்டம். தசை அல்லாத வலியைக் கொண்டுபோவது ஆபத்து. இந்த அத்தியாயத்தில் வரும் தவறான நம்பிக்கைகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

முதலில், வெட்கம்

மசாஜ் என்றதும் ‘ஸ்பாவில் போலீஸ் சோதனை’ என்று செய்தியில் வருவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்த வார்த்தையை வீட்டில் சொல்லவே கூசுகிறார்கள். ஆனால் இவர்களுடைய தாத்தாக்கள் சனிக்கிழமையானால் கோவணத்தோடு வாசலில் உட்கார்ந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயை அரக்கித் தேய்த்துக்கொண்டவர்கள். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி என்று நாளே ஒதுக்கியிருந்தது. சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்கிறது. அதன் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணமும் ஒன்று. அதற்குள்ளேயே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை உண்டு. ஆண்கள் உடம்பை இன்னொருவர் கையில் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிய பழக்கம் இல்லை.

சட்டத்திலும் மசாஜ் குற்றமில்லை; அதன் பேரில் நடக்கும் பாலியல் தொழில்தான் வழக்காகிறது. கடைகளை எப்படிக் கண்காணிப்பது என்பதில் நீதிமன்றத்துக்குள்ளேயே இரண்டு பார்வை இருந்திருக்கிறது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், மாநிலம் முழுக்க ஸ்பா, மசாஜ் மையங்களில் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொன்னார். அடுத்த மாதமே மதுரை அமர்வில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது ஒருவருடைய அந்தரங்க உரிமையில் தலையிடுவதாகும் என்றார். வாடிக்கையாளராகிய உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: சட்டையைக் கழற்றுவதற்கு முன், இந்த அறையில் கேமரா இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் மாறினால் கிளம்பிவிடலாம்.

இன்னொரு கூச்சத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். மசாஜின்போது ஆணுறுப்பு எழுச்சி அடைவது சிலருக்கு நடக்கும். தொடை, இடுப்புப் பக்கம் கை பட்டு, உடம்பு தளர்ந்திருக்கும்போது தானாக வரும் எதிர்வினை அது. நீவுகிறவர் ஆணாக இருந்தாலும் வரலாம். அதற்கும் உங்கள் ஆசைக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவர் துண்டை இழுத்துப் போர்த்திவிட்டு வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுவார். பேசாமல் இருந்தால் அடங்கிவிடும். அதைச் சாக்காக வைத்து ‘வேறு ஏதாவது’ கேட்பதுதான் தப்பு. அதே மாதிரி, நீவுகிறவர் எல்லை மீறினாலும் எழுந்து வந்துவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆம்பளைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை.

செல்போனில் வரும் ‘வீட்டுக்கே வந்து மசாஜ்’ விளம்பரத்துக்கு மட்டும் பதிலே போடாதீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு மறைவது அதில் சின்ன மோசடி. படம் எடுத்து மிரட்டுவது பெரியது. ஆண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அந்தத் தொழிலே ஓடுகிறது. மாட்டிக்கொண்டால் மேலும் பணம் அனுப்பாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

“வாயுப் பிடிச்சிருக்கு, கொஞ்சம் நீவி விடு”

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் ஊரில் நெஞ்சிலோ, தோள்பட்டையிலோ, முதுகுச் சப்பையிலோ திடீரென்று பிடித்துக்கொண்டால் அதற்கு வாயு என்று பேர் வைத்துவிடுகிறோம். ஓமத் தண்ணீர் குடிப்பது, சோடா குடிப்பது, மனைவியையோ மகனையோ கூப்பிட்டு முதுகில் தைலம் போட்டுத் தேய்க்கச் சொல்வது என்று ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஓடிவிடும். மாரடைப்பில் அந்த நேரம்தான் இதயத் தசை. அடைபட்ட ரத்தக்குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு தசை பிழைக்கும்.

இதய வலி சினிமாவில் வருகிற மாதிரி இடது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலியாகத்தான் வரும் என்று இல்லை. நெஞ்சு நடுவில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி, தாடைக்கு ஏறுகிற மாதிரி, இரண்டு தோளுக்கும் நடுவில் இழுக்கிற மாதிரி, மேல்வயிற்றில் எரிகிற மாதிரி வரலாம். கூடவே வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, வாந்தி வருகிற மாதிரி இருப்பது, நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைவது. இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அங்கே தைலத்துக்கு வேலை இல்லை. சர்க்கரை நோய் இருப்பவருக்கு வலி மிகக் குறைவாகவே தெரியலாம். வெறும் அசதியும் வியர்வையும்தான் அடையாளமாக இருக்கும். அமுக்கினால் வலிக்கிறது, அதனால் இது தசைதான் என்று நீங்களே முடிவு கட்டவும் கூடாது. நெஞ்சுத் தசையில் வலி இருக்கிறவருக்கே மாரடைப்பும் வரலாம்.

செய்ய வேண்டியது 108. ஆத்தூருக்கோ சேலத்துக்கோ போய்ச் சேருவதற்குள் நேரமாகும் என்பதால்தான் 2023-இல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறையாமல் இருப்பதற்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அதன் ஏற்பாடு. உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது, இரவில் அங்கே யார் இருப்பார்கள் என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கை வைக்கக் கூடாத வலிகள் இன்னும் சில உண்டு.

கெண்டைக்கால். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடி பயணம் செய்தால் காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. விமானம் மட்டும் இல்லை, பஸ், ரயில், கார் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இரண்டு நாள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வருகிற டிரைவருக்கு இது சொல்லியா தெரிய வேண்டும்? ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டைக்கால் கனத்து வலித்தால் அதை உருவிவிடச் சொல்லாதீர்கள். உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இரண்டு காலும் ஒரே மாதிரி அசந்து வலிக்கிறது என்றால் அது பெரும்பாலும் அசதி, நீவலாம்.

விலாவில் கிளம்பி அடிவயிறு வழியாக விரை வரை இறங்கும் வலி, ஒரு நிலையில் படுக்க விடாமல் புரட்டுகிற வலி, சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். மூட்டை தூக்குகிறவருக்குக் கவட்டையில் உருண்டையாகப் புடைத்து, படுத்தால் உள்ளே போவது குடலிறக்கம். எண்ணெய் போட்டு அதை உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்; சிக்கிக்கொண்ட குடல் அழுகிவிடும். இளவட்டப் பையன்களுக்குத் திடீரென்று ஒரு விரை தாங்க முடியாமல் வலித்தால் அது முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அந்தப் பையன் வெட்கப்பட்டு அம்மாவிடம் வயிற்று வலி என்றுதான் சொல்வான். அப்பாக்கள் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும்.

“ஆம்பளை உடம்பு, நல்லா ஏறி மிதிங்க”

வலித்தால்தான் வேலை செய்கிறது என்பது ஆண்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. நீவுகிறவரும் அதற்கு ஏற்றாற்போல முழங்கையை ஊன்றி அமுக்குவார். படுத்திருப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு, கால் விரலை மடக்கிக்கொண்டு, ‘பரவாயில்லைங்க’ என்பார். அந்த நேரத்தில் தசை என்ன செய்யும்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இறுகும். இளக்க வந்த கையே இறுக்கிவிட்டுப் போகும். மறுநாள் கன்றிப்போய், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அதையே ‘நல்ல வேலை’ என்பார்கள்.

ஆண் உடம்பு என்பதால் தனி அழுத்தம் தேவையில்லை. பத்துக்கு எத்தனை வலிக்கிறது என்று மனதில் மதிப்புப் போட்டுப் பாருங்கள். ஐந்து, ஆறு வரை போகலாம். மூச்சு சீராக விட முடியவில்லை என்றால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். ‘அண்ணா, கொஞ்சம் மெதுவாங்க’ என்று சொல்வதில் ஆண்மை ஒன்றும் குறைந்துவிடாது. அளவு மீறி அமுக்கித் தசை நார்களே சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் மசாஜுக்கு மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சூட்டினால் என்று இளநீர் குடித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குடித்துவிட்டு மசாஜுக்குப் படுப்பது இதில் சேர்த்தி. வலி தெரியாது, எப்போது நிறுத்தச் சொல்வது என்று தெரியாது. உழைத்த களைப்புக்கு ஒரு குவார்ட்டரும் ஒரு உருவலும் என்று சேர்த்து வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒன்றை வேறு நாளைக்கு மாற்ற வேண்டும்.

‘தேங்கிக் கிடக்கிற ஆசிட் எல்லாம் இறங்கிடும்’ என்பது ஜிம்முக்குப் போகிற தம்பிகள் சொல்வது. கடுமையாக உழைக்கும்போது தசையில் உருவாகும் லாக்டேட், ஓய்வெடுத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தானாகக் குறைந்துவிடும். மறுநாள், மூன்றாம் நாள் வருகிற வலி அதனால் வருவதே இல்லை. நார்களில் ஏற்பட்ட நுண்ணிய காயத்தால் வருவது. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. கடுமையான பயிற்சி முடிந்த கையோடு நீவினால் தசைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, லாக்டேட் வெளியேறுவது இன்னும் தாமதமாகிறது என்று அதில் தெரிந்தது. அப்படியானால் மசாஜ் வீணா? அதே நாட்டு மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைச் சைக்கிள் மிதிக்க வைத்துக் களைப்பாக்கி, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் நீவி, இரண்டு கால் தசையிலிருந்தும் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில் லாக்டேட் அளவில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் நீவிய காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன. பதினோரு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் சுகமாக இருக்கிறது என்று களைத்தவர் சொல்வது வெறும் பிரமை இல்லை என்று நம்ப இடமிருக்கிறது. காரணம்தான் நாம் நினைத்தது இல்லை.

தொப்பை கரையும் என்பதற்கு ஒரு வரி போதும்: கரையாது.

சலூன் நாற்காலியில் ஒரு சொடுக்கு

முடி வெட்டி முடித்ததும் தலையைத் தட்டி, நெற்றியை நீவி, தோளைப் பிசைந்துவிடுவது நம் சலூன்களின் அழகான வழக்கம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் தாடையைப் பிடித்துக் கழுத்தைச் சடக்கென்று திருப்புவதுதான் வேண்டாம்.

‘சடக்’ என்று கேட்பது எலும்பு தன் இடத்தில் உட்காரும் சத்தம் என்று நினைக்கிறோம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குமிழ் உருவாகும் சத்தம் அது; சோடா பாட்டிலைத் திறக்கிற கதைதான். கழுத்து எலும்புகளில் இருக்கும் துளைகள் வழியாக மூளைக்கு இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறிப்போகின்றன. முன்பக்கம் இன்னும் இரண்டு. எதிர்பாராத திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். 2024-இல் கர்நாடகத்தின் பெல்லாரியில் முடி வெட்டிய பிறகு கழுத்தைத் திருப்பிவிட்டதில் முப்பது வயது இளைஞர் ஒருவருக்கு இப்படிப் பக்கவாதம் வந்தது செய்தியானது. 2017-இல் டெல்லியில் 54 வயதுக்காரர் ஒருவருக்குச் சலூன் சொடுக்கில் மூச்சுத்தசையை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்டது. லட்சத்தில் எத்தனை பேருக்கு வரும் என்றால் மிகச் சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சொடுக்கினால் கிடைக்கும் லாபம் ஒரு நிமிட சுகம். போவது பேச்சும் கை காலும்.

உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, தோளை நல்லா பிடிச்சு விடுங்க, கழுத்துச் சொடுக்கு மட்டும் வேண்டாங்க.” யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவேளை திருப்பிய பிறகு தலை சுற்றல், இதுவரை இல்லாத கழுத்து வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல் வந்தால், தூங்கினால் சரியாகும் என்று வீட்டுக்குப் போகக் கூடாது.

சுளுக்கும் முறிவும்

வண்டி சறுக்கியோ, வரப்பில் கால் பிசகியோ கணுக்கால் வீங்கினால், ஊரில் சுளுக்கு வழிக்கிறவர் வீட்டுக்குத்தான் முதலில் தூக்கிப்போவார்கள். அவர்களில் கைப்பக்குவம் உள்ளவர்கள் உண்டு. எதை நீவக் கூடாது என்று தெரிந்து, ‘போட்டோ எடுத்துட்டு வாப்பா’ என்று திருப்பி அனுப்புகிறவர்களே அவர்களில் நல்லவர்கள். காலால் பிறந்தவர் முதுகில் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்ற நம்பிக்கையும் இன்னும் இருக்கிறது. அவர் பிறந்த விதம் உங்கள் முதுகெலும்புக்குத் தெரியாது. அவருடைய எடை தெரியும்.

பிசகிய முதல் இரண்டு, மூன்று நாள் நீவக் கூடாது. உள்ளே கிழிந்த நார்களில் ரத்தம் கசிந்து வீக்கமாகியிருக்கும். உருவினால் கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ், பட்டையாக ஒரு கட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, இதுதான் அப்போதைய வைத்தியம். எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்த எளிய விதி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நான்கு எட்டு வைத்து நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பில் விரலால் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுங்கள். வீக்கம் வடிந்த பிறகு நீவுவது சுகம் தரும். அப்போது போய் நன்றாக உட்காருங்கள்.

இடுப்புக்கு எவ்வளவு உதவும்

முதுகு, இடுப்பு வலிக்கு மசாஜ் உதவுகிறதா என்று 25 ஆய்வுகளை, அவற்றில் கலந்துகொண்ட 3,096 பேரை ஒன்றாக வைத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2015-இல் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது. ஆனால் சான்று அவ்வளவு வலுவானது இல்லை என்றது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியோடு மசாஜையும் கொடுக்கக்கூடியவற்றில் சேர்த்திருக்கிறது. வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அது சொன்னவற்றில் இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுப்பதும் அடக்கம். டிரைவர்கள் வாங்கி மாட்டிக்கொள்ளும் அந்த பெல்ட்டேதான்.

ஆக, மசாஜ் இடுப்பை இரண்டு மூன்று நாளைக்குத் தளர்த்தித் தரும். அந்த இரண்டு மூன்று நாளில் நடக்கவும், முதுகுக்கும் வயிற்றுக்கும் பயிற்சி செய்யவும் தொடங்கினால் பலன் நிற்கும். படுத்துவிட்டால் நிற்காது. இதை நீவுகிறவர்கள் சொல்வதில்லை, வருகிறவர்களும் கேட்க விரும்புவதில்லை.

‘டிஸ்க் நழுவியிருக்கு, தள்ளி உட்கார வெச்சிடறேன்’ என்கிறவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து கையால் தள்ளி டிஸ்கை உள்ளே அனுப்ப முடியாது. ஸ்கேனில் டிஸ்க் புடைத்திருப்பதாக வந்தாலே வலிக்குக் காரணம் அதுதான் என்றும் சொல்ல முடியாது. வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. டிஸ்க் வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குறையும். பேர் மட்டும் நீவியவருக்குப் போய்விடுகிறது.

இடுப்பு வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, காலில் பலமின்மை, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, இவற்றில் எது இருந்தாலும் மசாஜ் இல்லை, மருத்துவமனை. ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாக வந்து, இரவில் எழுப்பிவிடுகிற முதுகு வலியையும் டாக்டர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காசநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் முதுகெலும்பில் போய் உட்காரக்கூடியவை.

எண்ணெய்

நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, விளக்கெண்ணெயா என்று பெரிய வாதம் நடக்கும். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்தே ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர்ப்பக்கம் இது. விளக்கெண்ணெய்க்குக் கட்சி கட்ட ஆள் இல்லாமல் போகாது. எந்த எண்ணெயும் எலும்புக்குள் ஊறி மூட்டில் மசையாகப் போய்ச் சேராது. கை வழுக்கிப் போகவும், சூட்டைத் தாங்கவும் அது வேண்டும். வேலை செய்வது கை. கடைத் தைலங்களில் இருக்கும் கற்பூரமும் புதினா உப்பும் தோலில் சூடாகவோ குளிர்ச்சியாகவோ தெரிந்து வலியைக் கொஞ்ச நேரம் மறக்க வைக்கும். அதுவும் உபயோகம்தான். ஆனால் அதைப் பூசிய இடத்தில் சூட்டுப் பை வைத்தால் தோல் வெந்துவிடும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்கள் சூடான எண்ணெய், நொச்சி இலை ஒத்தடம் எதையும் தன் காலால் சோதிக்கக் கூடாது. வீட்டில் இன்னொருவர் முழங்கையில் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நீவுகிறவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இல்லையென்றால் லேசாக அமுக்கினாலே உடம்பு நீலம் பாரித்துவிடும்.

பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, உறுப்பு வளர்ச்சிக்குத் தைலம், லாட்ஜில் இன்ன தேதியில் வைத்தியர் வருகை. அப்படி விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். எந்தத் தைலமும் உறுப்பின் அளவை மாற்றாது. நாற்பது வயதில் விறைப்பில் தொடர்ந்து சிக்கல் இருந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பல நேரம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு அதுதான் முதல் எச்சரிக்கை.

யாரிடம் போவது, என்ன கேட்பது

சித்த மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் பார்த்த பிறகு தொக்கணம் செய்யச் சொல்வார். ஆண்களுக்கு ஆண் பணியாளர் செய்வதுதான் வழக்கம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் இயன்முறை மருத்துவம் உண்டு. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பாவுக்குக் கை கால் அசைத்துவிட ஆள் வேண்டும் என்றால், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார், காசில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

தனியாரிடமோ ஊர் வைத்தியரிடமோ போனால், அவர் உங்களைக் கேட்கிறாரா என்று பாருங்கள். எப்போதிருந்து வலி, அடிபட்டதா, சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா, மாத்திரை என்ன என்று கேட்காமல் சட்டையைக் கழற்றச் சொல்கிறவரைவிட, பத்து நிமிடம் கேள்வி கேட்டு உங்கள் பொறுமையைச் சோதிக்கிறவர் மேல். சாப்பிட்ட உடனே போகாதீர்கள். காய்ச்சல், தோலில் புண், படை இருந்தால் இன்னொரு நாள்.

வீட்டிலேயே செய்துகொள்வதும் நல்லதுதான். பிடரிக்கும் தோள்பட்டைக்கும் மனைவியோ மகனோ கட்டைவிரலால் மெதுவாக வட்டமிட்டு ஐந்து நிமிடம் நீவினால் போதும். முதுகெலும்பின் மேலே நேராக அமுக்காமல் அதன் இரண்டு பக்கத் தசையில். யாரும் இல்லையென்றால் ஒரு டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். டிரைவர்கள் கேபினில் ஒரு பந்து போட்டு வைத்துக்கொள்ளலாம்; டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் லாரியின் பக்கவாட்டுப் பலகையே சுவர்.

மசாஜ் முடிந்ததும் உடம்பு சொக்கும், கை கால் தளரும். அந்த இரவு லோடு எடுக்காதீர்கள். முதலாளியிடம் மறுநாள் காலையில் கிளம்புவதாகச் சொல்லிவிட்டே நீவக் கொடுங்கள். ஒரே இடத்து வலிக்கு மூன்று முறை நீவியும் மாற்றமில்லை என்றால், நான்காவது முறைக்கு வைத்திருக்கும் பணத்தில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.